பட்டறைக் கதவு யாருக்குத் திறக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

பாலிடெக்னிக், பொறியியல் சேர்க்கைக்கான காலமாதலால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொழில்நுட்பக் கல்வியைப் பற்றியவையாகவே இருந்தன. மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர்ப்பெயரை மட்டும் தருகிறோம்.

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருக்கிறாள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில்தான் சேருவேன் என்கிறாள். "பொம்பளப் பிள்ளைக்கு லேத் பட்டறையில் என்ன வேலை, கம்ப்யூட்டரில் சேர்த்துவிடு" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். படித்து முடித்தால் மதுரைப் பக்கத்திலேயே வேலை கிடைக்குமா?
– ஒரு தாய், மேலூர்

பதில்: வேலை உண்டு அம்மா. ஆனால் எப்படிப்பட்ட வேலை என்பதைச் சேர்க்கைக்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. பொறியியல் பட்டப்படிப்பில் பயில்வோருள் பத்துப் பேருக்கு மூவர் என்ற அளவில்தான் பெண்கள் இருக்கிறார்கள் என்று மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. அந்த மூவரும் பெரும்பாலும் கணினி, மின்னணுவியல் வகுப்புகளுக்கே போய்விடுவதால், மெக்கானிக்கல் வகுப்பில் ஓரிரு மாணவியர் மட்டும் முன்வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். உங்கள் உறவினர்கள் மனத்தில் இருப்பது, கனத்த இரும்பைத் தோளில் தூக்கிவந்து சக் என்னும் பிடிப்பானில் பொருத்திய காலத்துப் பட்டறை. இன்று சி.என்.சி. எனப்படும், கணினி இயக்கும் எந்திரத்தின் முன் நிற்பவர் ட்ராயிங்கைப் படித்து, புரோகிராமைச் சரிபார்த்து, முதல் ஜாபை, அதாவது கடைந்தெடுத்த பாகத்தை, மைக்ரோமீட்டரில் அளந்து, நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகியிருந்தால் வெட்டும் கருவியின் நிலையைத் திருத்தும் டூல் ஆஃப்செட்டை மாற்றுகிறார். கனமான பொருளைத் தூக்குவது ஹாய்ஸ்ட் என்னும் தூக்கு எந்திரத்தின் வேலையாகிவிட்டது.

இதற்குச் சான்று தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. அரவிந்த் கண் மருத்துவமனையின் உற்பத்திப் பிரிவாக 1992-இல் மதுரையில் தொடங்கப்பட்ட அரோலேப், கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் செய்கிறது. ஒளி புகும் பகுதி மட்டும் ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் விட்டமே உள்ள அந்த லென்ஸைக் கடைந்து, மெருகேற்றி, சோதித்து அனுப்புவோருள் பெரும்பாலோர் நம் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். அவர்களுக்கு வேண்டிய பயிற்சியை நிறுவனமே கொடுத்தது. பயிற்சி பெற்றவர் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருக்காமல், பயிற்சியைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட தொழில் அது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓசூரில் அசோக் லேலண்ட் 2023-இல் பெண்கள் மட்டுமே பணிபுரியும் எஞ்சின் உற்பத்தி வரிசையைத் தொடங்கியதைப் போன்ற செய்திகள் மகிழ்ச்சி தருபவை. ஆயினும் பெண்களுக்கு வேலை கொடுப்பது தமிழ்நாட்டுத் தொழிலுக்குப் புதிதன்று. மதுரையின் ஹார்வி மில் காலத்திலேயே நூல் சுற்றும் பகுதியில் பெண்கள் இருந்தார்கள். அண்மைக்காலத்தில் நூற்பாலைகள் சில, 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை விடுதியில் அடைத்து வைத்து வேலை வாங்கியதும், 'பயிற்சியாளர்' என்ற சொல்லே குறைந்த கூலிக்கு மறைப்பாக இருந்ததும் திண்டுக்கல், விருதுநகர்ப் பக்கத்தாருக்குத் தெரியாததல்ல. ஆகவே பெண்களை எடுக்கிறார்களா என்று கேட்பதோடு, எந்திரத்தை வேலைக்கு ஆயத்தப்படுத்தும் செட்டராகவும் பராமரிப்புப் பிரிவிலும் கருவிகள் செய்யும் டூல் ரூமிலும் பெண்கள் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சேரப்போகும் கல்லூரியில், சென்ற ஆண்டு மெக்கானிக்கல் மாணவியர் இன்பிளான்ட் (தொழிற்சாலைப்) பயிற்சிக்கு எந்த நிறுவனத்துக்குப் போனார்கள், அங்கே எந்திரத்தைத் தொட்டார்களா அல்லது ஸ்டோர்ஸில் பேரேடு எழுதினார்களா என்று விசாரியுங்கள். இதற்குத் தெளிவாக விடை சொல்லும் கல்லூரியில் தயங்காமல் சேர்க்கலாம்.

பயணத்தையும் கணக்கில் வையுங்கள். மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கு மட்டுமே உரியது. மேலூரிலிருந்து வெள்ளரிப்பட்டிப் பக்கத்துத் தொழிற்சாலைகள் ஒரே சாலையில் இருக்கின்றன. கப்பலூர் என்றால் மதுரைக்குள் வந்து வண்டி மாறி மறுகோடிக்குப் போக வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவராயின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். தொழில்நுட்பக் கல்வி பயிலும் மாணவியருக்கான பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் எட்டு இலட்சத்துக்குள் இருக்க வேண்டும். பட்டயப் படிப்புக்கும் அது உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கேள்வி: நான் தனியார் பாலிடெக்னிக் ஒன்றில் விரிவுரையாளர். எங்கள் கல்லூரி பல நிறுவனங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கிறது. ஆனால் நடப்பதென்னவோ ஆண்டுக்கு ஒரு ஐ.வி. (தொழிற்சாலையைப் பார்வையிடல்) மட்டும்தான். தொழில் நிறுவனங்களோடு சேர்ந்து செயல்பட்டால் பெண்களும் கிராமத்து மாணவர்களும் முதல் தலைமுறையினரும் அதிகம் வருவார்கள் என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. எங்கே தவறுகிறோம்?
– ஒரு விரிவுரையாளர், வாடிப்பட்டி

பதில்: நீங்கள் சொல்லும் ஐ.வி.யை நானும் பார்த்திருக்கிறேன். கல்லூரிப் பேருந்தில் அறுபது பேர் வந்து இறங்குகிறார்கள். மஞ்சள் கோட்டுக்கு வெளியே வரிசையாக நடக்கிறார்கள். எந்திரச் சத்தத்தில் முன்னால் போகும் பொறியாளர் சொல்வது முதல் பத்துப் பேருக்கு மேல் கேட்பதில்லை, மாணவியர் எப்போதும் வரிசையின் கடைசியில். கேண்டீனில் தேநீரும் பப்ஸும், நுழைவாயிலில் பேனரோடு படமும் எடுத்து முடிந்ததும் பேருந்து புறப்பட்டுவிடுகிறது. அந்தப் படம் அங்கீகாரக் குழுவின் கோப்புக்குப் பயன்படும். எந்த மாணவருக்கும் எதுவும் மாறியிருக்காது.

கல்லூரியும் தொழிற்சாலையும் சேர்ந்து ஒருவரை உருவாக்குவது என்ற எண்ணம் நூறாண்டுக்கும் மேல் பழையது. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906-இல் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 மாணவர்களோடு அதைத் தொடங்கினார். மாணவர்கள் வகுப்புக்கும் பட்டறைக்கும் மாறி மாறிப் போனார்கள், பட்டறையில் கூலியும் பெற்றார்கள். அந்நாட்டில் 'பொறியியல் தொழில்நுட்பம்' என்பது பொறியியலிலிருந்து சற்றே வேறுபட்ட, செய்முறைக்கு அதிக இடம் தரும் தனிப் படிப்பு. நம் பட்டயப் படிப்புக்கு அது நெருங்கிய உறவு. ஈராண்டுக் கல்லூரிகளையும் தொழில்களையும் இணைத்துத் தொழில்நுட்பர்களை உருவாக்க 1992-இல் தனிச் சட்டமே இயற்றி, தேசிய அறிவியல் அறக்கட்டளை வழியாக நிதி கொடுக்கத் தொடங்கினார்கள். கென்டக்கியில் டொயோட்டா ஆலையும் அருகிலிருந்த சமுதாயக் கல்லூரியும் சேர்ந்து 2010-இல் தொடங்கிய ஏற்பாட்டில் மாணவர் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பிலும் மூன்று நாள் ஆலையிலும் இருக்கிறார். ஆலையில் இருக்கும் நாள்களுக்குச் சம்பளம் உண்டு.

அந்தச் சம்பளத்தில்தான் உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது. ஆறு வாரம் கையிலிருந்து செலவழித்துப் பேருந்தில் போய், வெளியில் சாப்பிட்டு, ஒரு ரூபாயும் வாங்காமல் பயிற்சி பெறுவது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே முடியும். கோடை விடுமுறையில் செங்கல் சூளைக்கோ, ஜவுளிக் கடைக்கோ, சமையல் காண்ட்ராக்டர் பின்னாலோ போய் அடுத்த ஆண்டுக் கட்டணத்தைச் சேர்க்கிற மாணவருக்கு ஊதியமற்ற பயிற்சி என்பது இழப்பு. அவர் ஏதோ ஒரு கடையில் சான்றிதழ் மட்டும் வாங்கி வந்து கொடுத்துவிடுகிறார், நீங்களும் கையெழுத்திட்டுவிடுகிறீர்கள். மூன்றரை ஆண்டு சான்ட்விச் பட்டயப் படிப்பில் தொழிற்சாலைப் பயிற்சி பாடத்திட்டத்துக்குள்ளேயே இருப்பதால் இந்தக் கண்துடைப்புக்கு இடம் குறைவு. ஆனாலும் அத்தகைய இடங்கள் சிலவே.

இரண்டாவது காரணம் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது. நிறுவனம் ஐந்து பேரை அனுப்புங்கள் என்றால் நாம் யாரை அனுப்புகிறோம்? மதிப்பெண்ணில் முதலிடம் பெற்றவரை, ஆங்கிலம் பேசுபவரை, 'கல்லூரிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தராதவரை'. நிறுவனம் வடிகட்டும் முன்பே நாம் வடிகட்டிவிடுகிறோம். அந்த ஐவரும் எப்படியும் வேலைக்குப் போயிருப்பார்கள். பயிற்சியால் வாழ்க்கை மாறியிருக்கக்கூடியவர், இரண்டு அரியரோடு கடைசி பெஞ்சில் இருக்கும் பெண்ணும், ஃபிட்டிங் செக்‌ஷனில் எல்லோரையும்விடச் சுத்தமாக ஃபைல் (அரம்) போடுகிற, வாய் திறந்து பேசாத பையனும்தான்.

ஆகவே பல ஒப்பந்தங்களைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடுவதைவிட, ஒரே ஒரு நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆறு வாரம், பத்து இடம், உதவித்தொகை உண்டு, அவற்றில் பாதி மாணவியருக்கு, தேர்வு மதிப்பெண்ணால் அல்லாமல் ஒரு செய்முறைச் சோதனையால் என்று எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சியின் முடிவில் மதிப்பெண் போடுவது அந்த நிறுவனத்தின் ஃபோர்மேனாக இருக்கட்டும். கோடையில் உங்கள் துறை ஆசிரியர் ஒருவரும் அங்கே போய் வேலை செய்யட்டும். இதைச் சொன்னால் சக ஆசிரியர்கள் என் மேல் கோபப்படக்கூடும். ஆனால் தான் கடைசியாக இயக்கிய எந்திரம் எது என்று யோசித்துப் பார்த்தால் கோபம் தணிந்துவிடும்.

கேள்வி: கப்பலூரில் சிறிய வார்ப்பு, எந்திரப் பணித் தொழில் நடத்துகிறேன். காண்ட்ராக்ட் ஆள்களையும் சேர்த்து 40 பேர். பாலிடெக்னிக் படித்த பெண்களை அப்ரெண்டிஸாக எடுக்க ஆசைதான். கழிப்பறை, ஷிஃப்ட், பாதுகாப்பு என்று நினைத்தால் தயக்கம் வருகிறது. சட்டம் என்ன சொல்கிறது? எனக்கு எவ்வளவு செலவாகும்?
– ஒரு தொழில் முனைவோர், திருநகர்

பதில்: ஆசைப்படும் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள் ஐயா. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் (அப்ரெண்டிஸ்) சட்டத்தின் கீழ் 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனம் தன் மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். உங்கள் 40 பேருக்கு அது குறைந்தது ஒருவர், மிகுந்தால் ஆறு பேர். பட்டயம் பெற்றவருக்கு அந்தத் திருத்தம் வைத்த குறைந்தபட்ச மாத உதவித்தொகை 8,000 ரூபாய், பொறியியல் பட்டதாரிக்கு 9,000 ரூபாய். மத்திய அரசின் தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால் இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசு ஏற்கும். சென்னை தரமணியிலுள்ள தென்மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியம் இதை நடத்துகிறது. விகிதங்கள் அவ்வப்போது மாற்றப்படுவதால் பதிவின்போது நடப்புத் தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இச்சட்டத்தில் பலர் கவனிக்காத இரண்டு இடங்கள் உண்டு. பல முதலாளிகள் ஒன்றுசேர்ந்து தங்கள் பழகுநர்களுக்குக் கூட்டாகப் பயிற்சி தரலாம் என்பது ஒன்று. உங்களிடம் வார்ப்பும் கடைசலும் இருக்கலாம். பக்கத்து ஷெட்டில் கிரைண்டிங்கும், எதிரே ஹீட் ட்ரீட்மென்ட்டும் இருக்கும். நான்கு பேர் சேர்ந்து எட்டுப் பழகுநர்களைச் சுழற்சியில் வைத்தால் அவர்கள் கற்பதும் அதிகம், ஒரே பெண்ணாகத் தனித்து நிற்கும் நிலையும் யாருக்கும் வராது. தனியாக ஒரு பெண்ணை எடுத்து, அவர் மூன்று மாதத்தில் விலகியதும் 'பெண்கள் நிலைப்பதில்லை' என்று முடிவு கட்டும் முதலாளிகள் அதிகம். எட்டுப் பேரில் நால்வர் பெண்களாக இருந்தால் அந்தப் பேச்சே எழாது. இன்னொன்று, ஒவ்வொரு தொழிற்பிரிவிலும் பட்டியலினத்தார், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கு முதலாளி பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்பது. கல்லூரிச் சேர்க்கையில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ள மாநிலத்தில், தனியார் தொழிற்சாலையின் வாசலில் சட்டம் அப்படி ஒரு கடமையை வைத்திருப்பது பழகுநர் பயிற்சியில்தான்.

வசதிகளைப் பற்றி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகக் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. பெண்களை எடுத்த பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பதுதான் அவர்கள் வராமல் இருப்பதற்கு முதல் காரணம். பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு அமைக்க வேண்டும். பழகுநர்களும் அச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருவார்கள். ஷிஃப்டைப் பொறுத்தமட்டில், பயிற்சிக் காலம் முழுவதும் பகல் ஷிஃப்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து கிடைக்கும் நேரத்தைக் கேட்டு, தொடங்கும் நேரத்தைக் கால்மணி தள்ளிவைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

சிறிய விஷயம் ஒன்றையும் கவனியுங்கள். பாதுகாப்புக் காலணி ஸ்டோர்ஸில் ஏழாம் எண்ணிலிருந்துதான் இருக்கும். நான் பார்த்த ஒரு பட்டறையில், பயிற்சிக்கு வந்த பெண் எட்டாம் எண் காலணிக்குள் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு நின்றார்; பெஞ்ச் வைஸ் (மேசையில் பொருத்திய பிடிப்பான்) அவருடைய முழங்கைக்கு மேலே இருந்ததால், ஃபைல் போடும்போது தோளிலிருந்து தள்ள வேண்டியிருந்தது. மேற்பார்வையாளர் 'ஃபினிஷிங் சரியில்லை' என்று எழுதினார். வைஸின் தாடை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது முதலாண்டுப் பாடம். காலடியில் ஒரு மரப்பலகை போட்டதும் அதே பெண்ணின் ஜாப் செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரில் வெளிச்சம் தெரியாமல் உட்கார்ந்தது. நான்காம், ஐந்தாம் எண் காலணிகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ.யில் ஈராண்டு ஃபிட்டர் முடித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். நேர்காணலுக்குப் போனால் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். அதைச் சமாளித்தால், 'எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?' என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எதற்கென்று எனக்குத் தெரியும். மேலே படிப்பதா, வேலை தேடுவதா?
– ஒரு மாணவர், உசிலம்பட்டி

பதில்: அந்தக் கேள்வி எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், தம்பி. ஆள் எடுப்பது தெரிந்தவர் சொல்லி, உறவினர் அழைத்துவந்து என்ற முறையில் நடக்கும் வரை, ஒரு பட்டறையில் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களே நிறைந்திருப்பார்கள். இதைப் படிக்கும் மனிதவளத் துறையினர் அந்தக் கேள்வியைப் படிவத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். எண் மட்டும் ஒட்டிய ஜாபை மேசைமேல் வைத்து, செய்தவர் யாரென்று தெரியாமலே அளந்து மதிப்பெண் போடச் சொல்லுங்கள் என்பது நான் நிறுவனங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது. கேட்டவர்கள் மிகக் குறைவு என்றாலும், கேட்டவர்களுக்கு நல்ல ஃபிட்டர்கள் கிடைத்தார்கள்.

உங்களுக்கு இரண்டு வழியும் ஒன்றையொன்று அடைப்பவை அல்ல. ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் முடித்தபின் பொறியியல் கல்லூரியிலும் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 2021 முதல் தரப்படும் 7.5 விழுக்காடு முன்னுரிமை பன்னிரண்டாம் வகுப்பு வழியாக முதலாண்டில் சேர்பவர்களுக்கானது என்பதால், உங்கள் பாதை வேறு. அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ்வழியிலும் நடத்திவருகிறது. அரசுப் பள்ளியில் படித்தவராயின் படிப்புக் காலத்தில் தமிழ்ப்புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கக்கூடும்.

வீட்டுச் சூழல் உடனே சம்பாதிக்கச் சொன்னால், முதலில் ஒரு ஆண்டு பழகுநராகச் சேர்ந்துவிட்டு அடுத்த ஆண்டு பட்டயத்துக்கு விண்ணப்பியுங்கள். அரசின் பழகுநர் தளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். இடைத்தரகர் எவருக்கும் பணம் தர வேண்டாம். சேரும்போது, பதிவான பழகுநர் ஒப்பந்தமா அல்லது வெறும் 'ட்ரெய்னி' கடிதமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்னதற்குத்தான் தேர்வும் தேசியச் சான்றிதழும் உண்டு. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, இலக்கணப் புத்தகத்தைவிட ட்ராயிங் ஷீட்டிலுள்ள சொற்களையும் குறியீடுகளையும் தேர்ந்துகொள்ளுங்கள். டாலரன்ஸும் (அளவில் அனுமதிக்கும் பிசகு) சர்ஃபேஸ் ஃபினிஷ் (மேற்பரப்பின் வழவழப்பு) குறியும் ஜப்பானியருக்கும் ஜெர்மானியருக்கும் உசிலம்பட்டிக்காரருக்கும் ஒன்றுதான். அவற்றைத் தடுமாறாமல் படித்துக் காட்டுபவரிடம் பல நிறுவனங்கள் வேறு ஆங்கிலம் கேட்பதில்லை.

கேள்வி: என் மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கை வேலையில் கெட்டிக்காரன். எந்திரப் பிரிவில் சேர்க்கலாமா? 'ஆபத்து' என்று கல்லூரியில் தயங்குகிறார்கள்.
– ஒரு தந்தை, திருமங்கலம்

பதில்: சேர்க்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ளவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அவ்வளவு குறைபாடுள்ள தொழில்நுட்ப மாணவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தரும் சக்ஷம் உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள்.

ஆபத்து என்ற வாதம் பாதியளவே சரி. சி.என்.சி. எந்திரத்தின் தலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகள் உண்டு. எந்திரம் நின்றதும் பழுதானதும் விளக்கில் தெரியும். காதில் அடைப்பான் போட்டுக்கொண்டு நிற்கும் மற்ற ஆபரேட்டர்களும் அந்த விளக்கைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார்கள். உண்மையான ஆபத்து பின்னாலிருந்து வரும் ஃபோர்க்லிஃப்ட். அதற்குச் சுழல் விளக்கும், நடைபாதைக்குத் தனிக்கோடும் தேவை. தீ எச்சரிக்கைக்கு ஒலியோடு ஒளிரும் விளக்கும் வேண்டும். இவற்றை ஏற்கெனவே வைத்திருக்கும் நிறுவனத்தைக் கல்லூரி தேடிப் பிடித்து, முதல் சில வாரங்களுக்குச் சைகைமொழி தெரிந்த ஒருவரையும் உடன் அனுப்பினால் மற்றதை உங்கள் மகன் பார்த்துக்கொள்வார். தொலைபேசியில் அழைத்து நேர்காணல் வைக்கும் நிறுவனத்திடம், எழுத்து வழியாக வையுங்கள் என்று முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: பெண்கள், கிராமத்தவர், பட்டியலினத்தார் என்று பார்த்துப் பார்த்து எடுத்தால் தரம் என்னாவது?
– ஓய்வுபெற்ற பொறியாளர், அண்ணா நகர், மதுரை

பதில்: மைக்ரோமீட்டருக்கு ஊரும் தெரியாது, சாதியும் தெரியாது. ஜாப் அளவுக்குள் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே அது சொல்லும். உள்ளே வந்தபின் எல்லோரும் அந்த ஒரே அளவுகோலுக்குக் கட்டுப்பட்டவர்கள். மேலே சொன்ன ஏற்பாடுகள் அனைத்தும் அந்த அளவுகோலின் முன் வந்து நிற்க யாருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது என்பதைப் பற்றியவை. மாமா சிபாரிசில் வந்து சேர்ந்தவர்களைப் பார்த்து இந்தத் தரக் கேள்வியை நீங்கள் பணியிலிருந்த காலத்தில் எத்தனை முறை எழுப்பினீர்கள் என்றும் அறிய ஆவல்.

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறேன். தொழிற்சாலைகளோடு எங்களுக்குத் தொடர்பு எதுவும் இல்லை. கல்லூரிக்குப் போன பிறகுதான் இதெல்லாம் என்று விட்டுவிடலாமா?
– ஒரு தலைமையாசிரியர், சோழவந்தான்

பதில்: விட்டுவிட வேண்டாம். பாலிடெக்னிக் சேர்க்கை பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் நடப்பதால், எந்தப் பிரிவு என்ற முடிவு வீட்டுத் திண்ணையில் அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. கல்லூரி ஆயிரம் ஒப்பந்தம் போட்டாலும் விண்ணப்பிக்காத பெண்ணை அதனால் சேர்த்துக்கொள்ள முடியாது. தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ, சி.என்.சி., முப்பரிமாண அச்சு போன்ற எந்திரங்களோடு மையங்களை அமைத்திருக்கிறது. அருகிலுள்ளது எது என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள்.

மாணவர்களோடு, முக்கியமாக மாணவியரின் தாய்மாரையும் அழைத்துப் போங்கள். முடிவெடுக்கும் நாளில் அப்பாவிடமும் பெரியப்பாவிடமும் வாதாடப் போவது அவர்கள்தான். அவர்கள் பார்க்க விரும்புவது எந்திரத்தை அல்ல. வாசலில் காவல் இருக்கிறதா, கழிப்பறை எங்கே, அங்கே வேலை பார்க்கும் பெண் எந்த ஊரிலிருந்து எப்படி வருகிறார் என்பதைத்தான். ஆகவே கே.புதூர் அல்லது கப்பலூர் தொழிற்பேட்டையில், பெண்கள் எந்திரத்தில் பணிபுரியும் ஒரு சிறு நிறுவனத்தையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டு எழுதும்போது, இருபது பேருக்கு மேல் வர மாட்டோம் என்றும், அங்குள்ள பெண் பணியாளர் ஒருவர் தாய்மாரோடு அரைமணி நேரம் தனியாகப் பேச வேண்டும் என்றும் குறிப்பிடுங்கள். விடுமுறை நாளில் வைத்தால் எந்திரம் ஓடாது. வாரநாளாகப் பார்த்து, காலைத் தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்பாகப் போய்ச் சேருங்கள்.